பூமயிலின் கிழக்குச் சுவர்

பூமயிலுக்கு ஐம்பத்து நான்காம் வயதில் கழுத்து போய்விட்டது. இருபத்தாறு வருஷம் தலையில் கலவைச் சட்டி சுமந்தால் போகத்தான் செய்யும். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காலையில் எழுந்தால் இடது கை விரல்கள் மரத்துக் கிடந்தன. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, இனித் தலையில் ஒரு செங்கல்கூட ஏற்றக் கூடாது என்று சொல்லி மாத்திரையும் கழுத்துப் பட்டையும் கொடுத்து அனுப்பினார். மாத்திரையை விழுங்கினாள். பட்டையை அரிசிப் பானைக்குப் பின்னால் செருகினாள். கழுத்தில் பட்டையோடு வருகிற சித்தாளை மறுநாள் யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

சித்தாள் என்றால் பெண். கொத்தனார் என்றால் ஆண். சித்தாள் சலிப்பாள், குழைப்பாள், சுண்ணாம்பு அரைப்பாள், சுமப்பாள். சாயங்காலம் கொத்தனாரின் பூச்சுக் கரணையைக் கழுவித் துடைத்துக் கொடுப்பாள். அந்தக் கரணையைச் சுவரில் வைக்க மாட்டாள். வைக்கக் கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. அப்படி ஒருத்தி வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பூமயிலும் அதைப் பற்றி நினைத்ததில்லை. கழுத்து போன பிறகுதான் நினைத்தாள். சுமக்க முடியாத சித்தாளுக்கு வேலை கிடையாது; கரணை பிடிக்கிறவர் தலையில் எதையும் சுமப்பதில்லை. பிள்ளைகள் இருவரும் திருப்பூரில் தங்கள் குடும்பத்தையே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கணவர் முனியசாமி கடலாடிப் பக்கத்தில் சொந்த ஊரில் பத்து ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தார். ஆடுகள் நின்று மேயும், அவர் உட்கார்ந்து மேய்ப்பார். ஆகவே கரணை ஒன்றுதான் வழி. அது எப்படிக் கைக்கு வரும் என்றுதான் தெரியவில்லை.

அது வந்தது ஒரு மரணத்தால்.

தொண்டியில் சீனி முகம்மது என்பவரின் வீட்டைப் பழையபடி ஆக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. கப்பல் வியாபாரம் நடந்த காலத்தில் அவருடைய பாட்டனார் கட்டிய வீடு. முன்பக்கம் ஆண்கள் இருந்து பேசும் வெளிக்கூடம், நடுவில் ஒரு வளைவு வாசல், அதைத் தாண்டினால் பெண்கள் புழங்கும் உள்கூடம், அதற்கும் அப்பால் முற்றம், கிணறு, சமையல்கட்டு. இரண்டு கூடத்துச் சுவர்களும் முட்டை வெள்ளைக்கருவும் சிப்பிச் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்துக் கண்ணாடியாக்கியவை. நின்றால் முகம் தெரியும். வளைவு வாசலைச் சுற்றி, கொடியும் இலையும் திராட்சைக் குலையுமாகச் சுதை வேலைப்பாடு. முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் விரிசலை அடைக்கிறேன் என்று சிமெண்டைப் பூசி, மேலே பச்சைப் பெயிண்டும் அடித்து வைத்தார். சுண்ணாம்புச் சுவருக்கு மூச்சு விட வேண்டும். சிமெண்டுக்குள் ஈரம் மாட்டிக்கொண்டு பூச்சு பொரிந்து உதிர்ந்தது.

வேலையை எடுத்திருந்தவன் வேல்ராஜ். மானாமதுரைக்காரன், நாற்பத்தைந்து வயது, பழைய சுண்ணாம்பு வேலையில் கெட்டிக்காரன். பூமயில் கழுத்தை மறைத்துக்கொண்டு அவனிடம்தான் சட்டி சுமந்தாள். சிமெண்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு வெளிக்கூடத்தை மூன்று மாதத்தில் முடித்தான். உள்கூடத்துச் சுவர்களையும் பெயர்த்துச் செங்கல் தெரிய நிறுத்தியிருந்தபோது, ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சீனி முகம்மது தொழுகைக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

அவருடைய மனைவி ஜெய்னம்பு நாச்சியா இத்தாவில் இருந்தார். கணவர் இறந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். நாச்சியாவின் அறை உள்கூடத்தை ஒட்டியிருந்தது. முற்றத்துக்கும் சமையல்கட்டுக்கும் அந்தக் கூடத்தைக் கடந்துதான் போகவேண்டும். அங்கே வேல்ராஜ் எப்படிச் சாரம் கட்டி நிற்பான்?

மகன் அப்துல் குத்தூஸ் வேலையை நிறுத்திவிடலாம் என்றார். வேல்ராஜ் தலையில் கை வைத்தான். ஐப்பசி மழை வந்தால் திறந்து கிடக்கிற சுவர் சாரலைக் குடித்துக் குடித்து ஊறிவிடும், பிறகு வருஷக்கணக்கில் காயாது. வளைவு வாசலில் கனத்த திரை ஒன்று தொங்கவிடப்பட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து நாச்சியாவின் குரல் வந்தது.

"பொம்பளைகளை வச்சுச் செய்யச் சொல்லு வாப்பா."

"உம்மா, பொம்பளைகள்ல கொத்தனார் யாரு இருக்கா?"

"இந்தா நிக்கிறாளே, மூணு மாசமா நானும் கதவு இடுக்குல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கலவை சரியில்லைன்னா அவதான் சொல்றா. இவரு அதுக்கப்புறம்தான் தலையாட்டுறாரு."

வேல்ராஜின் முகம் சுண்ணாம்பு பட்டது போல ஆனது. பூமயில் சட்டியைக் கீழே வைத்தாள்.

"யக்கா, நீ பூசுவியா?"

"கையக் குடுத்தா பூசுவேன்."

"கையா?"

"கரணையச் சொன்னேன்."

வேல்ராஜ் யோசித்தான். யோசிக்க அவனுக்கு வேறு வழியும் இல்லை. கடைசியில் தன்னுடைய இரண்டாவது கரணையை எடுத்துக் கொடுத்தான். முதலாவது கரணையை இடுப்பிலேயே செருகிக்கொண்டான். "பூச்சு ஒழுங்கா நின்னுச்சுன்னா அடுத்த வேலைக்கும் நீ கரணை பிடி. நிக்கலைன்னா பழையபடி சட்டிதான். சரியா?"

"சரி" என்றாள் பூமயில். பழையபடி சட்டி என்பது இனி இல்லை என்று அவனுக்குத் தெரியாது. அவள் சொல்லவும் இல்லை.

இப்படியாக அந்த வினோதமான வேலை தொடங்கியது. பூமயிலும் முருகேஸ்வரி என்ற இன்னொரு சித்தாளும் திரைக்கு உள்ளே. வேல்ராஜ் திரைக்கு வெளியே, முக்காலியில். அவன் சுவரைப் பார்க்க முடியாது. செல்போனில் படம் எடுத்துக் காட்டினாள் முருகேஸ்வரி. வெள்ளைச் சுவரின் படம் வெள்ளையாக இருந்தது. அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. இத்தா இருக்கிற இடத்தில் போட்டோ எடுக்க வேண்டாம் என்று நாச்சியாவும் சொல்லிவிட்டார். எனவே வேல்ராஜ் காதால் பார்த்தான். கூழாங்கல் சுவரில் ஓடும் சத்தத்தை வைத்து, "கீச்சுங்குது, காஞ்சிருச்சு, தண்ணி தெளி" என்பான். "மொத்து மொத்துங்குது, இன்னும் ஈரம் இருக்கு, கையெடு" என்பான். அரைத்த சுண்ணாம்பில் ஓர் உருண்டையைத் திரைக்கு அடியில் தள்ளச் சொல்லி, விரலால் நசுக்கிப் பார்ப்பான்.

"பத்தாது. இன்னும் நைசா."

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இதைச் சொன்னான். வெண்ணெய் போல வழுக்கினாலும் சொன்னான். முருகேஸ்வரி திரையைப் பார்த்து அவன் மாதிரியே வாயைக் கோணிக் காட்டுவாள். "இவரு பொண்டாட்டி எப்படித்தான் சட்னி அரைக்கிறாளோ!"

"காது கேக்குது" என்று வெளியிலிருந்து பதில் வரும்.

பூமயிலின் கை முதல் வாரம் திணறியது. கரணையைச் சாய்க்கிற கோணம் பிடிபடவில்லை. இரண்டாவது வாரம் பிடிபட்டது. இருபத்தாறு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்குக் கண்ணில் இருந்த வேலை, கைக்கு இறங்கக் கொஞ்சம் நாள் எடுத்தது. தலையில் பாரம் இல்லாததால் விரல்களின் மரத்தல் குறைந்தது. வடக்குச் சுவர் முடிந்தது. மேற்கு முடிந்தது. வளைவு வாசலின் உட்பக்கத்துக் கொடியில் பதினேழு இலைகள் உடைந்திருந்தன. பூமயில் திராட்சைக் கொடியைக் கண்டதில்லை. மிச்சமிருந்த இலைகளைத் தடவிப் பார்த்தாள். இது பாகல் இலை மாதிரி அல்லவா இருக்கிறது என்று தோன்றியது. சமையல்கட்டுப் பின்புறம் வேலியில் படர்ந்திருந்த பாகற்கொடியில் ஓர் இலை பறித்து வந்து, பார்த்துப் பார்த்துப் பதினேழையும் செய்தாள்.

நாச்சியா வந்து பார்த்தார். கணவர் இறந்த பிறகு அவர் சிரித்ததை வீட்டுக்காரர்கள் அன்றுதான் கேட்டார்கள். "திராட்சையில பாகல் இலையா! எங்க வீட்டுக்காரரு இருந்தா என்னைப் பாத்து, ஒனக்குச் சர்க்கரை இருக்குன்னு சுவத்துக்கே தெரிஞ்சு போச்சுன்னு சொல்லியிருப்பாரு."

தினமும் மதியத்து லுஹர் தொழுகை முடிந்ததும் நாச்சியா அறைக்கு வெளியே நாற்காலி போட்டு, கிழக்குச் சுவரைப் பார்த்து உட்காருவார். முடிந்த சுவர்களைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பேச்சு அதிகம் கிடையாது. பூமயிலும் வேலை நேரத்தில் பேசுகிறவள் இல்லை. இருவருக்கும் அது ஒத்துப்போனது.

இந்த வேலைக்குத் தண்ணீர் முக்கியம். உப்புத் தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பு நிற்காது. தொண்டியில் தோண்டிய இடமெல்லாம் உப்பு. ஐப்பசி மழையைக் கூரையிலிருந்து நான்கு டிரம்மில் பிடித்து வைத்திருந்தார்கள். வெளிக்கூடம் பூசும்போது ஒவ்வொரு நாளும் வேல்ராஜே தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பான். அதை அவன் யாரிடமும் விட்டதில்லை. கார்த்திகையில் பத்து நாள் மழை ஓய்ந்தது. டிரம் காலியானது. காவிரிக் குடிநீர்க் குழாயும் நான்கு நாளாக வரவில்லை. கிழக்குச் சுவரின் கடைசிப் பூச்சு பாதியில் நின்றது.

"முத்தத்துல ஒரு கெணறு இருக்கே" என்றாள் பூமயில் திரையைப் பார்த்து.

"நாக்குல வச்சுப் பாருக்கா. உப்பு இருக்கா?"

பூமயில் ஒரு வாளி இறைத்தாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாயும் குடித்தாள். "நல்ல தண்ணி கொத்தனாரே."

"மழைக்கு ஊத்து மாறியிருக்கும் போல. சரி, கொழை."

அன்று மாலை முனியசாமி போன் செய்தார். ஆட்டுக்குட்டி ஒன்று நொண்டுகிற கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "அங்கன தண்ணி வசதியெல்லாம் எப்படி?" என்று கேட்டார்.

"நம்மூருத் தண்ணி கணக்கா அம்புட்டு நல்லா இருக்கு" என்றாள்.

அப்போது யாராவது ஒட்டுக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான்கு நாளில் கிழக்குச் சுவர் முடிந்தது. அவள் பூசியதிலேயே அதுதான் நன்றாக வந்தது. கை பழகியிருந்தது, முட்டை வெண்கரு சரியாகக் கூடியிருந்தது, கல் ஓடிய சத்தத்தைக் கேட்டு வேல்ராஜே, "அட, சும்மா சொல்லக் கூடாது" என்றான். அவன் வாயில் அது பெரிய பாராட்டு. தெற்குச் சுவரில் இறங்கினாள். அது பாதிக்கு வந்தபோது வாடைக்காற்று காய்ந்து வீசியது. ஒரு நாள் காலையில் கிழக்குச் சுவரின் அடியில், முழங்கால் உயரத்துக்கு, மெல்லிய வெள்ளை ரோமம் போல ஏதோ நின்றது. தொட்டாள். உதிர்ந்தது.

ஈரத் துணியால் துடைத்தாள். சுவர் பழையபடி பளபளத்தது. மறுநாள் காலையில் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தது. துடைத்தாள். பெருவிரலால் அழுத்தினாள், கண்ணாடித் தோலுக்கு அடியில் சுவர் பொத பொதவென்று மாவாக இருந்தது. இத்தா முடியப் பத்தொன்பது நாள் இருந்தது.

முருகேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "விடுக்கா. அன்னைக்கு வரைக்கும் வெடியக்காலம் எந்திரிச்சுத் துடச்சுக்கிருவோம். ஆம்பளைக வந்து பாத்துட்டுப் போகட்டும். அப்புறம் உப்புப் பூத்தா கடக்காத்துன்னு சொல்லிக்கிருவோம். தொண்டியில எந்தச் சுவரு பூக்காம இருக்கு?"

கெட்ட யோசனை என்று சொல்ல முடியாது. கடற்காற்றின் மேல் போடாத பழி அந்தக் கரையில் எதுவும் இல்லை. வேல்ராஜ் உள்ளே வந்து பார்க்கிற ஒரு நாள் சுவர் மின்னினால் போதும். அடுத்த வேலையில் கரணை அவள் கையில் இருக்கும். சுவர் உதிர்வது சித்திரையில்தான். பூமயில் துணியைப் பிழிந்து காயப்போட்டாள். துடைப்பது என்று முடிவு செய்துவிட்டாள் என்றுதான் முருகேஸ்வரி நினைத்தாள். பூமயிலும் அப்படித்தான் நினைத்தாள்.

மூன்றாம் நாள் தொழுகை முடித்து வந்த நாச்சியா, வழக்கம்போல் கிழக்குச் சுவரைத் தடவினார். கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை வெள்ளையாக இருந்தது. சேலையில் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புதுச் சுவருன்னா இப்படித்தான் வருமா பூமயிலு?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் நம்பிக் கேட்டார். இன்னும் எத்தனை வருஷம் உயிரோடு இருந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சுவரைத்தான் பார்ப்பார். தினமும் கையைத் துடைத்துக்கொள்வார். இப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

"வராது நாச்சியா" என்றாள் பூமயில். கையில் இருந்த கல்லை வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் போனாள்.

"கொத்தனாரே."

"என்னக்கா?"

"கெழக்குச் சுவத்துல உப்புப் பூத்திருச்சு."

வெளியே முக்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. "எத்தன நாளா?"

"மூணு நாளா."

"மூணு நாளா என்ன பண்ணுன?"

"துடச்சேன்."

"தண்ணி?"

"முத்தத்துக் கெணத்துத் தண்ணி. நீதான் நாக்குல வச்சுப் பாக்கச் சொன்ன. பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

வேல்ராஜுக்குச் சந்தேகம் தட்டியது. குரலை உயர்த்தி, "நாச்சியாம்மா, மன்னிக்கணும், ஒரு வார்த்தை. முத்தத்துக் கெணத்துத் தண்ணிய நீங்க குடிப்பீகளா?" என்று கேட்டான்.

"கால் கழுவவே யோசிப்பேன்" என்றார் நாச்சியா. "சோப்புக்கூட நுரைக்காது."

வேல்ராஜ் மெதுவாகக் கேட்டான். "யக்கா, ஒங்க ஊருல என்ன தண்ணி குடிச்சீக?"

"கம்மாய்த் தண்ணி. கம்மாய் வத்துனா ஊத்துத் தோண்டிக் குடிப்போம்."

"அது உப்பா இருக்குமா?"

"தண்ணி தண்ணியாத்தான் இருக்கும். அதுல என்ன உப்பு?"

முருகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பூமயில் வைக்கிற குழம்பை மற்றவர்கள் ஏன் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கடலாடிக் கரிசலில் உவர் ஊற்றிலேயே வளர்ந்த நாக்கு அது. எது உப்பு என்று அந்த நாக்கிடம் கேட்டது வேல்ராஜின் தப்பு. அவனுக்கும் அது தெரிந்தது. தெரிந்ததால் கோபம் கூடியது.

"பூரா கழட்டு. கெழக்குச் சுவத்தைச் செங்கல் தெரியக் கழட்டு. இத்தா முடிஞ்சதும் நானே வந்து பூசிக்கிறேன். கரணைய இந்தப் பக்கம் தள்ளு."

பூமயில் கரணையைப் பார்த்தாள். பிடி அவள் உள்ளங்கைக்கு ஏற்றபடி வழவழப்பாகியிருந்தது.

"கழட்டுறதுக்குக் கரணை வேணும்" என்றாள். "கழட்டிட்டு வைக்கிறேன்."

தான் பூசியதைத் தானே உரித்தாள். நான்கு நாளில் பூசியது ஒன்றரை நாளில் உதிர்ந்தது. அழவில்லை. அழுதால் சுண்ணாம்புத் தூசி கண்ணில் கரையும்; அது எரிச்சலோடு போகாது, கண்ணையே கெடுக்கும். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். செங்கலில் இறங்கிய உப்பை எடுக்க வேண்டும் என்றான் வேல்ராஜ், இன்னும் கோபம் தீராத குரலில். பழைய காகிதத்தை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, பற்றுப் போடுவது போல் சுவரில் அப்ப வேண்டும். காயக் காய உப்பைக் காகிதம் இழுத்துக்கொள்ளும். உரித்துப் போட்டுவிட்டு மறுபடி அப்ப வேண்டும். மூன்று தடவை.

"அம்புட்டுக் காகிதத்துக்கு எங்கன போறது?" என்றாள் முருகேஸ்வரி.

நாச்சியா எழுந்து போய்த் தன் அறையில் ஒரு மர அலமாரியைத் திறந்தார். சீனி முகம்மது படித்து முடித்த செய்தித்தாள்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்தது, தேதி வாரியாக அடுக்கி, சணல் கயிறு கட்டி.

"இது வேணாம் நாச்சியா" என்றாள் பூமயில். "அவுக கைபட்டது."

"படிச்சு முடிச்ச பேப்பர்தானே. அவரே இதை எடுத்துத் திரும்பப் பாத்ததில்ல. ஊறப் போடு."

முருகேஸ்வரி ஊறவைத்து மிதித்தாள். நாச்சியாவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்து காகிதம் கிழித்தார். நடுநடுவே நின்று ஏதாவது ஒரு செய்தியை வாசிப்பார், பிறகு கிழிப்பார்.

தண்ணீர் விஷயத்தில் பூமயில் தன் நாக்கை நம்புவதை விட்டுவிட்டாள். காவிரிக் குழாய் மறுபடி வந்தது. அது நல்லதா, அதில் கிணற்றுத் தண்ணீர் கலந்ததா என்று ஒவ்வொரு முறையும் யாரைக் கேட்பது? சமையல்கட்டில் கறுத்துப்போன தோசைக்கல் ஒன்று இருந்தது. அதை அடுப்பில் வைத்து ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றி வற்ற விட்டாள். முற்றத்துக் கிணற்றுத் தண்ணீர் கல்லில் வெள்ளையாக ஒரு திட்டு விட்டுப் போனது. காவிரித் தண்ணீர் லேசான வட்டம். டிரம்மின் அடியில் மிஞ்சிய மழைத் தண்ணீர் ஒன்றுமே விடவில்லை. நாக்கு பொய் சொன்னாலும் தோசைக்கல் பொய் சொல்லவில்லை. மூன்றாம் தடவை உரித்த காகிதத்தை மழைத் தண்ணீரில் கசக்கி அந்தத் தண்ணீரையும் ஊற்றிப் பார்த்தாள். கல் ஏறக்குறைய கறுப்பாகவே இருந்தது. அதன்பின் முதல் இரண்டு பூச்சுகளைப் பூசினாள். சொரசொரப்பான அடிப்பூச்சு மட்டும்தான். கண்ணாடிப் பூச்சுக்கு நாள் இல்லை. தெற்குச் சுவரின் மீதியும் முடியும்வரை வேல்ராஜ் கரணையைத் திரும்பக் கேட்கவில்லை.

நூற்றுமுப்பதாம் நாள் இத்தா முடிந்தது. நாச்சியா குளித்து, உடை மாற்றி, தொழுதார். சொந்தக்காரப் பெண்கள் வந்து துஆ ஓதிப் போனார்கள். வந்தவர்கள் மூன்று சுவர்களில் முகம் பார்த்தார்கள். நாலாவது சுவரைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். குத்தூஸுக்கு அது சங்கடமாக இருந்தது. நாச்சியா, "அதுக்கு இன்னும் இத்தா முடியல" என்று சொல்லி எல்லாருடைய வாயையும் அடைத்தார்.

மறுநாள் காலையில் நாச்சியா அறைக்குள் இருந்துகொண்டார். திரையை எடுத்தார்கள். நான்கு மாதம் காதால் பார்த்த கூடத்துக்குள் வேல்ராஜ் வந்தான்.

டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் ஒளியை ஓடவிட்டான். மேடு பள்ளம் இருந்தால் நிழல் விழும். வடக்குச் சுவரில் இரண்டு இடத்தில் விழுந்தது. மேற்கில் ஒன்று. தெற்கில் இல்லை. புறங்கையால் தடவிக்கொண்டே வந்து வளைவு வாசலில் நின்றான்.

"இது என்ன இலை?"

"பாகல்."

"திராட்சைக் கொடியிலயா?"

"ரெண்டும் ஒரே சாடைதான். நீ வேணா திராட்சை எலையக் காட்டு, மாத்துறேன்."

வேல்ராஜ் திராட்சை இலையைக் கண்டதில்லை. அடுத்த சுவருக்கு நகர்ந்தான். கிழக்குச் சுவருக்கு வந்ததும் குனிந்து அடிப்பூச்சில் நாக்கை வைத்துப் பார்த்தான். குத்தூஸ் திடுக்கிட்டுப் போனார்.

"உப்பு இல்ல" என்றான்.

"ஒன் நாக்கு எதுக்கு? தோசைக்கல்லு பாத்துருச்சு."

அவள் சொன்னபடி கரணையைக் கழுவித் துடைத்து வளைவு வாசல் படியில் வைத்திருந்தாள். வேல்ராஜ் அதை எடுத்தான். இடுப்பில் ஒன்று இருக்க, கையில் இன்னொன்று. "கண்ணாடிப் பூச்சுக்குச் சுண்ணாம்பு அரச்சாச்சா?"

"இல்ல. முருகேஸ்வரி மக பிரசவத்துக்கு அக்காள்மடம் போயிட்டா. வர ஒரு வாரம் ஆகும்."

"அப்ப நீ அரை. நான் பூசுறேன். சட்டிய எடு."

பூமயில் அந்த நான்கு மாதத்தில் யாரிடமும் சொல்லாததை அப்போது சொன்னாள்.

"சட்டி தூக்க மாட்டேன். கழுத்தெலும்பு தேஞ்சுருச்சு. டாக்டர் தூக்கக் கூடாதுன்னுட்டாரு. ஆவணிக்கு முன்னாடியே சொன்னாரு. ஒன்கிட்ட மறச்சேன்." சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "கெழக்குச் சுவரு என்னால போச்சு. அதை நான் முடிக்கணும். கரணை குடுத்தா பூசுறேன். இல்லைன்னா சொல்லு, பஸ் ஏறி ஊருக்குப் போறேன். ஆடு மேய்க்கக் கழுத்து வேணாம்."

அறைக்குள்ளிருந்து நாச்சியா இருமினார். தொண்டையில் எதுவும் இல்லாத இருமல்.

வேல்ராஜ் கரணையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். கூடத்தில் வேலை செய்ய இருவர்தான் இருந்தார்கள், அரைப்பதும் பூசுவதுமாக வேலையும் இரண்டு இருந்தது. குத்தூஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுதைக்கொடியை ஆராய்வது போல நின்றார். வேல்ராஜ் கரணையைப் பிடிப் பக்கமாகத் திருப்பி அவளிடம் நீட்டினான். கைலியை மடித்துக் கட்டினான். சுண்ணாம்பு அரைக்கிற அம்மிக்கு முன்னால் போய் ஒரு முழங்காலை மடக்கி, இன்னொன்றை மடக்க முடியாமல் திணறி, "யம்மா" என்று உட்கார்ந்தான்.

"இதுல எப்படித்தான் உக்காந்தீக இத்தன மாசம்?"

"அப்படித்தான் உக்காந்தோம். அரை."

பதினைந்து வயதுக்குப் பிறகு அவன் சுண்ணாம்பு அரைத்ததில்லை. கால் மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. ஓர் உருண்டையை வழித்துப் பூமயிலிடம் நீட்டினான். அவள் அதைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினாள். அவசரப்படவில்லை.

"பத்தாது கொத்தனாரே" என்றாள். "இன்னும் நைசா."

வேல்ராஜ் உருண்டையைத் திரும்ப வாங்கி அம்மியில் போட்டான்.